ஊசிக்கு முன்பே வரும் வாந்தி

அந்த மருத்துவமனையின் மருந்தகத்தில் வாந்தி மருந்துகள் எல்லாம் ஒரே அலமாரியில் இருந்தன. பெயரின் முதல் எழுத்தை வைத்து அடுக்கியிருந்தார்கள். என்றைக்கோ யாரோ தொடங்கிவைத்த பழக்கம். தேட வசதியாக இருந்ததால் யாரும் அதில் கைவைக்கவில்லை.

ஒரு காலையில், வயிற்றில் அறுவை முடிந்து படுத்திருந்த ஒரு இளம்பெண்ணுக்குக் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண்கள் மேலே செருகின. தாடை பூட்டிக்கொண்டது. வலிப்பு என்று நினைத்து வார்டே ஓடியது. அது வலிப்பு இல்லை. முந்தின ஷிப்டில் வாந்திக்கு ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். நிற்கவில்லை என்று அடுத்த ஷிப்டில் வேறு பெயருள்ள இன்னொன்றைக் கொடுத்தார்கள். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே குடும்பம். மாற்று ஊசி போட்டதும் கழுத்து நேரானது. மாலையில் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள். அவளுடைய அம்மா மட்டும் கட்டிலை விட்டு நகரவில்லை.

மறுநாள் தலைமை மருந்தாளுநர் தன்னிடம் வேலை பார்க்கும் மருந்தாளுநர் ஒருத்தியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எதைச் சொன்னாலும் முதலில் நாக்கால் ஒரு "ச்சு" கொட்டிவிட்டுத்தான் தொடங்குவார் என்பதால் மருந்தகத்தில் அவருக்குப் பல்லி என்று பெயர். அவருக்கும் அது தெரியும்.

"ச்சு. உக்காரும்மா. இந்த வாந்தி மருந்தையெல்லாம் குடும்பம் குடும்பமா பிரிச்சு ஒரு அட்டை போடணும். எல்லா வார்டுலயும் சுவத்துல மாட்டணும். எது எதோட பங்காளின்னு பாத்தவுடனே தெரியணும். நீதான் இதுல கெட்டி."

"சரி சார்" என்றாள். முடியாது என்று சொல்லத் தோன்றியது. சொல்லித் தொடங்கினால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொல்லத் தொடங்கினால் அழுகை வந்துவிடும் என்று பயமாக இருந்தது. அந்த மாதங்களில் அவள் அவ்வளவு களைத்துப்போயிருந்தாள்.

களைப்புக்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவள் கணவனின் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து, அறுத்து எடுத்து, இப்போது அதே மருத்துவமனையில் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிகிச்சை முடியும்வரை தம்பி வீட்டில்தான் வாசம்.

நாத்தனார் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாத தம்பியை வளர்த்தவள் என்பதால் வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. தம்பி ஒரு மருந்தாளுநரைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்றதும், "மாத்திரை எண்ணுற கை சோறு போடுமா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டாள். போட்டது. அதற்குப் பிறகும் அந்தக் கேள்வி இருவருக்கும் நடுவில் ஒரு பெஞ்சு மாதிரி கிடந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை. அண்ணி, அண்ணி என்று இவள் மரியாதையாகக் கூப்பிடுவாள். இவளுக்கு நாத்தனார் வைத்த பெயர் மாத்திரை.

கணவன் லிப்ட் மெக்கானிக். நல்லவன். அக்காவுக்காக உயிரைக் கொடுப்பான். ஆனால் யாராவது வாந்தி எடுப்பதைப் பார்த்தால் அவனுக்கும் வந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் பேசின் ஏந்துவது, வாய் துடைப்பது, விரிப்பு மாற்றுவது, தரை கழுவுவது எல்லாமே இவள் தலையில் விழுந்தது. பகலெல்லாம் வாந்தி மருந்து, வீட்டுக்கு வந்தால் வாந்தி. இடையில் பஸ்ஸில் நின்றுகொண்டே கண்ணை மூடிக்கொள்வதுதான் அவளுக்குக் கிடைத்த ஓய்வு.

முதல் சுற்று கீமோ பெரிய தொல்லையில்லாமல் போனது. இரண்டாவதில், ஏற்றிய அன்று சும்மா இருந்துவிட்டு மறுநாளும் அதற்கு மறுநாளும் வாந்தி புரட்டி எடுத்தது. மருத்துவர் அதற்கென்று ஒரு மாத்திரையைச் சேர்த்தார், அடங்கியது. மூன்றாவது சுற்றை ஒட்டி வேறு ஒன்று தொடங்கியது. அதை நாத்தனார் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் இருப்பவளுக்குத் தெரியாமல் போகுமா?

ஒரு மாலை இவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நாத்தனார் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தம்பியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் போய், "கஞ்சி குடிச்சீங்களா அண்ணி?" என்று கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து குளியலறைக்கு ஓடினாள். உள்ளே குடலே வெளியே வருவது போல ஒரு சத்தம். கணவன் மறுபக்கம் திரும்பி வாசலுக்குப் போய்விட்டான்.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த நாளும். கீமோ ஏற்றி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த மருந்தின் வேலை அவ்வளவு நாள் இருக்காது. பகலெல்லாம் நன்றாக இருப்பவள், பக்கத்து வீட்டம்மாவோடு கதை பேசுபவள், இவள் தலையைக் கண்டதும் ஓங்கரிப்பாள். இவள் சோப்பை மாற்றினாள். வெள்ளைக் கோட்டை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வந்தாள். வந்ததும் முதல் வேலையாகத் தலைக்குக் குளித்தாள். ஈரத் தலையோடு கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினால், கையைப் பார்த்தே நாத்தனாருக்குக் குமட்டியது.

"மூஞ்சியப் பாத்தாலே வாந்தி வருது" என்பது சண்டையில் சொல்கிற வார்த்தை. அதை ஒருத்தி தினமும் சொல்லாமலே செய்துகாட்டினால் எப்படி இருக்கும்? பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் பேசினைக் கையில் வைத்துக்கொண்டே இவள் கேட்டுவிட்டாள்.

"என்னைப் பாத்தாலே வாந்தி வருதுன்னா நேரா சொல்லிடுங்க அண்ணி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நாத்தனார் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"ஆமா. வருது. நான் என்ன பண்ணட்டும்?"

இவள் பேசினைக் கொண்டுபோய்க் கழுவினாள். இரண்டு தடவை கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்தில் கொஞ்சம் அழவும் செய்தாள்.

அந்த வாரத்தில்தான் அட்டையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. உணவு இடைவேளைகளில் உட்கார்ந்து அவள் அதை எழுதியிருந்தாள். மூளையின் அடிப்பக்கத்தில் வாந்தியை நடத்துகிற ஓர் இடம் இருக்கிறது. அதற்குப் பல வழிகளில் சேதி வருகிறது. குடலிலிருந்து ஒரு வழி. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பிலிருந்து ஒரு வழி. ரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து ஒரு வழி. மேலே மனத்திலிருந்து, பயமும் நினைவும் நாற்றமும் வருகிற வழி ஒன்று. எந்த மருந்து எந்த வழியை அடைக்கிறது என்பதை வைத்துத்தான் குடும்பம்.

செரோட்டோனினைத் தடுப்பவை குடல் வழிக்கு. கீமோவுக்கும் அறுவைக்கும் முதலில் எடுப்பது இவற்றைத்தான். மலச்சிக்கலும் தலைவலியும் வரலாம். டோபமினைத் தடுப்பவை ரத்தத்தைப் பார்க்கும் புள்ளிக்கு. இளம் வயதினருக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளலாம், இந்தக் குடும்பத்தில் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இந்த வரியை அவள் சிவப்பில் எழுதினாள். ஹிஸ்டமினைத் தடுப்பவை காது வழிக்கு, அதாவது பயணத்தில் வருகிற வாந்திக்கு, தூக்கம் வரும். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற பட்டையும் அதே வேலைக்குத்தான், ஆனால் வேறு குடும்பம், வாய் உலரும். அடுத்து ஸ்டீராய்டு. அடுத்து, நாள் தள்ளி வருகிற வாந்திக்கான புது மாத்திரைகள். கடைசி வரிசையில் பதற்றத்தைத் தணிக்கிற மாத்திரைகள், மனத்திலிருந்து வருவதற்கு.

பல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். கடைசி வரிசையில் விரல் நின்றது.

"ச்சு. இது வாந்தி மருந்தாம்மா? இது பூட்டி வைக்கிற மருந்து. இதைச் சுவத்துல மாட்டினா, தூக்கம் வரலங்கறவனுக்கெல்லாம் வாந்தின்னு சொல்லி எடுத்துக் குடுப்பாங்க. அப்புறம் நானும் நீயும் பதில் சொல்லணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளிடம் அதற்குப் பதிலும் இருந்தது. ஆனால் மாலை ஆகிவிட்டது, கால் வீங்கியிருந்தது, வீட்டுக்குப் போனால் என்ன காத்திருக்கிறது என்பதும் தெரியும்.

"எடுத்துடறேன் சார்" என்றாள்.

அந்த வரிசை இல்லாமலே அட்டை அச்சாகி வார்டுகளுக்குப் போனது.

அடுத்த சுற்றுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது நாத்தனார் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"போதும் தம்பி. என் ஸ்டாப் வந்துருச்சு. நான் எறங்கிக்கறேன்."

"என்னக்கா பேசற? பாதிதான் ஆகியிருக்கு."

"பாதி தூரம் வந்தா கடைசி வரைக்கும் போகணும்னு எங்க எழுதியிருக்கு? எத்தனை பேர் பாதியில எறங்கிப் பாத்திருக்கேன். நல்லாத்தான் நடந்து போனாங்க."

அவன் மன்றாடினான். கோபித்தான். கடைசியில் மனைவியிடம் வந்து, "நீயாவது சொல்லேன்" என்றான்.

"நான் பக்கத்துல போனாலே அவங்களுக்கு வாந்தி வருது. நான் எங்கேர்ந்து சொல்றது, மொட்டை மாடியிலேர்ந்தா?" என்றாள். சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. அதற்கு முந்தின நாளும் மருந்தகத்துக்குப் போகவில்லை. ஒரு பயிற்சிக் கூட்டத்துக்கு வேறு கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். காலையில் துவைத்தாள், அரிசி களைந்தாள், நாத்தனார் அறைப் பக்கம் போகாமல் வேலை பார்த்தாள். மதியம் கஞ்சியை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏன், நாய்க்கு வைக்கிற மாதிரி வச்சுட்டுப் போற? உள்ள வா."

போனாள். கொஞ்சம் தள்ளி நின்றாள். நாத்தனார் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். அப்புறம் கஞ்சியை எடுத்துக் குடிக்கத் தொடங்கினாள். பாதிக் கிண்ணம் இறங்கியது. வாந்தி வரவில்லை.

"இன்னிக்கு உன் மேல அது இல்ல" என்றாள் நாத்தனார்.

"எது அண்ணி?"

"அந்த நீலத் தண்ணி. கையில தேச்சுக்குவீங்களே எல்லாரும். அங்க ஊசி போட வர்ற பொண்ணும் அதைத் தேச்சுக்கிட்டுத்தான் வரும். வாசல்ல நுழையும்போதே அந்த வாடைதான். நீ எத்தனை குளிச்சாலும் நகத்தடியில நிக்குது."

இவள் தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வருஷக்கணக்காக அந்தக் கிருமிநாசினியிலேயே கிடந்த மூக்கு.

"அப்ப என் மூஞ்சியப் பாத்து இல்லியா?"

"உன் மூஞ்சிக்கு என்ன? கொஞ்சம் கடுகடுன்னு இருக்கும். அதுக்கெல்லாமா வாந்தி வரும்?"

இவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

நாத்தனார் தலையணையில் சாய்ந்துகொண்டு தானாகவே பேசினாள். மலைப்பாதை வண்டியில் அவள் பல வருஷம் ஓடியிருந்தாள். "வாந்தி எடுக்கறவங்கள நான் ஏறும்போதே கண்டுபிடிச்சுடுவேன். வளைவுல எடுக்கறவன் ஒரு ரகம். அவன முன் சீட்டுல உக்கார வச்சா சரியாயிடும். டீசல் வாடைக்கு எடுக்கறது ஒரு ரகம், அதுக்கு ஜன்னல். வயித்துல என்னத்தையோ போட்டுக்கிட்டு வந்து எடுக்கறவனுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, பைதான். உன் புருஷன் மாதிரி, அடுத்தவன் எடுக்கறதப் பாத்து எடுக்கறது ஒரு ரகம். ஒருத்தன் ஆரம்பிச்சா வரிசையா அஞ்சு பேர் எடுப்பான்."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு, வாயெல்லாம் வலித்தது.

"ஒரு அம்மா வரும். வண்டி கெளம்பியே இருக்காது. இஞ்சினே போட்டிருக்க மாட்டாங்க. படியில கால வைக்கும், எடுத்துரும். ஒரு தடவை அந்த வளைவுல ரொம்ப அவதிப்பட்டிருக்கு போல. அதுலேர்ந்து அப்படி. எங்க டிரைவர் அதுக்கு நடிகைன்னு பேர் வச்சிருந்தாரு." நாத்தனார் கூரையைப் பார்த்தாள். "இப்ப நான்தான் நடிகை. ஊசி குத்தறதுக்கு முன்னாடியே எடுக்கறேன். போன தடவை முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பிச்சுடுச்சு. டாக்டர்ட்ட இதப் போய் எப்படிச் சொல்றது? மருந்தே உள்ள போகல, வாந்தி வருதுன்னா, கெழவிக்குப் பயம்னு நெனைக்க மாட்டாங்க? நான் யாருக்கும் பயந்தவ இல்ல."

"அதனாலதான் வேண்டாங்கறீங்களா?"

"கட்டிக்காக எவ்வளவு வேணா எடுப்பேன். மருந்துக்காகவும் எடுப்பேன். ஒண்ணுமில்லாததுக்கு எடுக்கறேனே, அதுதான் தாங்கல."

இவள் கொஞ்ச நேரம் விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"இது நடிப்பு இல்ல அண்ணி. இப்படி நெறைய பேருக்கு வரும். உடம்பு அந்த வாடைய ஞாபகம் வச்சுக்குது. நீங்க வேண்டாம்னாலும் அது கேக்காது. அதுக்குத் தனியா மருந்து இருக்கு. குடலுக்குக் குடுக்கறது இதுக்குக் கேக்காது."

"இருக்கா? அப்ப ஏன் குடுக்கல?"

"நீங்க டாக்டர்ட்ட சொல்லல. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்களுக்கு என்னைப் புடிக்கலன்னுதான் நெனச்சேன்."

"புடிக்கலன்னா வாயால சொல்லியிருக்க மாட்டேனா? வாந்தி எடுத்தா காட்டுவேன்?" என்றாள் நாத்தனார். பிறகு கிண்ணத்தை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

மறுநாள் காலை, புறநோயாளிகள் வரிசை தொடங்கும் முன் இவள் புற்றுநோய் மருத்துவரைத் தாழ்வாரத்தில் பிடித்தாள். மருத்துவர் இவளைவிட இளையவள். அவள் கண்ணுக்கடியிலும் கருவளையம். முழுவதும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவையும் வாந்தி எப்படி இருக்குன்னு கேக்கறேங்க. பரவால்லைங்கறாங்க. ஒரு தடவை கூட முன்னாடியே வருதுன்னு சொல்லல."

"அவங்க அப்படித்தான் டாக்டர்."

"முந்தின நாள் ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணு எழுதறேன். முழுசா நிக்கும்னு சொல்ல முடியாது, குறையும். இன்னொண்ணு..." மருத்துவர் தயங்கினாள். "வீட்டுக்கும் அந்த வாடை வந்துக்கிட்டே இருந்தா உடம்பு மறக்காது. நீங்க கொஞ்சம் தள்ளி இருந்தா நல்லது. கூடவும் வராதீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

இவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தை ஒட்டி, பழைய சாமான்கள் போட்டுவைத்த ஒரு சின்ன அறை இருந்தது. பின் சந்திலிருந்தே அதற்கு வழி உண்டு. கணவன் சாமான்களை ஓரம் கட்டி ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தான். வேலை முடிந்தால் பின் சந்து வழியாக வந்து அங்கேயே குளித்து, அங்கேயே தின்று, அங்கேயே படுப்பாள். விடுமுறை நாளில் மட்டும் முன்பக்கம். சொந்த வீட்டில் வாடகைக்கு இருப்பது போல இருந்தது.

பேசின் இப்போது கணவன் கைக்குப் போனது. அவன் வெலவெலத்துப்போனான். கடையில் பஸ் பயணத்துக்கு விற்கிற மாத்திரையை வாங்கி வந்து விழுங்கிவிட்டு, தைரியமாக இருக்கிறது என்றான்.

"அது காதுக்கு. உங்களுக்குக் கண்ணுலேர்ந்து வருது. தூக்கம்தான் வரும்" என்றாள் இவள் பின்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

தூக்கம்தான் வந்தது. கீமோ அன்று அக்காவை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனவன் வழியெல்லாம் கொட்டாவி விட்டான். நாத்தனார் இரவும் காலையும் அந்த மாத்திரையைப் போட்டிருந்தாள். மூக்கில் எலுமிச்சைத் தோலைக் கைக்குட்டையோடு பிடித்திருந்தாள். வாசலைத் தாண்டினாள். தாழ்வாரத்தைத் தாண்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து, நீலத் தண்ணி தேய்த்த கை பக்கத்தில் வந்ததும் ஒரு தடவை எடுத்தாள். தம்பி பேசினைப் பிடித்தான். பிடித்த பேசினிலேயே அவனும் எடுத்தான். வார்டு சிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இதுல ஊசி யாருக்கு?" என்று கேட்டாளாம்.

இதை நாத்தனாரே அன்று சாயங்காலம் போனில் சொன்னாள். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு சமையலறைதான். இருந்தும் போன் போட்டாள். மாத்திரையின் தூக்கத்தில் நாக்கு கொஞ்சம் குழறியது. "ஒரே ஒரு தடவைதான். அப்புறம் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா மருந்து ஏறி முடிஞ்சிருக்கு. எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா, ஊர் வர்ற வரைக்கும் தூங்கிட்டு வர்ற பாசஞ்சர் மாதிரி."

அதிலிருந்து தினமும் போன் வந்தது. எதிரே உட்கார்ந்து பேசாத பேச்செல்லாம் போனில் வந்தது. நாத்தனார் வண்டிக் கதைகள் சொன்னாள். வேலையை விட்டு நின்ற நாளில் டிக்கெட் பை இல்லாமல் தோள் இடது பக்கம் சாய்ந்தே நடந்ததைச் சொன்னாள். கல்யாணப் பேச்சில் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை, இவளும் கிளறவில்லை. ஒரு நாள், எந்த முன்னுரையும் இல்லாமல், "நீ என்ன சாப்பிட்ட இன்னிக்கு?" என்றாள்.

இவள் யோசித்தாள். காலையில் ஒரு ரொட்டி. மதியம் என்ன சாப்பிட்டோம், சாப்பிட்டோமா என்றே ஞாபகம் வரவில்லை. யாரும் அதைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. மூக்கை உறிஞ்சினாள். அது போனில் கேட்டிருக்க வேண்டும்.

"சரி, சரி" என்றாள் நாத்தனார். "தம்பிய சோறு கொண்டாந்து குடுக்கச் சொல்றேன். சாப்பிட்டுட்டுப் படு. பேச வேண்டாம், போனை வை."

கணவன் தட்டைக் கொண்டுவந்து கட்டிலின் ஓரத்தில் வைத்தான். சோறு குழைந்திருந்தது. அவன் சமைத்தது. அவள் முழுவதும் தின்றுவிட்டு, தட்டைக் கழுவாமல் கீழே வைத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

அடுத்த வாரம் அவள் அட்டையின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பல்லியின் அறைக்குப் போனாள். அந்தக் கடைசி வரிசையைச் சேர்க்க வேண்டும் என்றாள்.

"ச்சு. அன்னிக்கே பேசி முடிச்சதுதானே?"

"முடிக்கல சார். எனக்கு அசதியா இருந்துச்சு, விட்டுட்டேன். வார்டுல இருக்கறவங்க இந்த அட்டையப் பாத்துத்தான் யோசிக்கறாங்க. இதுல இல்லன்னா அப்படி ஒரு வாந்தியே இல்லன்னு ஆயிடும். ஊசிக்கு முன்னாடியே வருதான்னு யாரும் கேக்க மாட்டாங்க."

பல்லி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க வீட்டு ஆளுக்கா?"

"ஆமா சார்."

அவர் இந்தத் தடவை "ச்சு" கொட்டவில்லை. "மருத்துவர் எழுதினால் மட்டும்னு பெருசாப் போடு. பூட்டுச் சாவி நம்மகிட்டதான் இருக்கும். எவனாவது தூக்கத்துக்குக் கேட்டா நீதான் சண்டை போடணும்."

"போடறேன் சார்."

சண்டை போடத்தான் வேண்டியிருந்தது, அடுத்த மாதத்திலேயே இரண்டு தடவை. அந்த வரிசை சேர்ந்ததால் மருத்துவமனையில் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. கீமோ வார்டில் மட்டும் சிஸ்டர்கள் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு ஆம் என்று தலையாட்டியவர்கள் அவள் நினைத்ததைவிட அதிகமாக இருந்தார்கள்.

நாத்தனார் மீதிச் சுற்றுகளை முடித்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எடுத்தாள். தம்பி ஒவ்வொரு தடவையும் கூட எடுத்தான். கடைசிச் சுற்றில் மட்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டக் கற்றுக்கொண்டான். பிறகு எடுத்த ஸ்கேனில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். இப்போதைக்கு என்ற சொல்லை நாத்தனார் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, "எல்லாருக்கும் இப்போதைக்குத்தானே" என்றாள். மயிர் பூனை முடி போல முளைத்திருந்தது. தன் ஊருக்குப் போகிறேன் என்று நாள் குறித்தாள்.

அன்றைக்கு விடுப்பு எடுத்து, முந்தின நாளே வேலைக்குப் போகாமல் இருந்து, வாடையில்லாத உடம்போடு வழியனுப்ப வேண்டும் என்று இவள் நினைத்திருந்தாள். ஆனால் மருந்தகத்தில் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்குக் குழந்தை உடம்பு சரியில்லை. பல்லி கேட்ட விதத்தில் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேர அனுமதியில், வேலையிடத்திலிருந்து நேராகப் பஸ் நிலையத்துக்கு வந்தாள். கணவனும் நாத்தனாரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இவள் இரண்டு தூண் தள்ளியே நின்றுகொண்டாள். காற்று தன் பக்கத்திலிருந்து அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"என்ன அங்க நிக்கற? செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி" என்று நாத்தனார் சத்தமாகக் கேட்டாள்.

"வேலையிலேர்ந்து நேரா வர்றேன் அண்ணி. கிட்ட வேண்டாம்."

வண்டி வந்து நின்றது. கணவன் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினான். நாத்தனார் படிக்குப் போகவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இவளைப் பார்த்து நடந்து வந்தாள். இவள் பின்னால் நகர்ந்தாள். தூணில் முதுகு முட்டியது. நாத்தனார் ஒரு கையால் இவள் கழுத்தை வளைத்து இழுத்துத் தோளோடு அழுத்திக்கொண்டாள். மெலிந்த கைதான், ஆனால் ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துப் பழகிய கை. மூச்சை அடக்கியிருந்ததால் ஒன்றும் பேசவில்லை. முடிந்தவரை அப்படியே பிடித்திருந்தாள். பிறகு விட்டுவிட்டு விறுவிறுவென்று போய், வண்டியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஓங்கரித்தாள்.

இவள் பதறித் தண்ணீர் பாட்டிலோடு ஓடினாள். "வராத, வராத" என்று நாத்தனார் கையை ஆட்டினாள். பாட்டிலைத் தரையில் உருட்டிவிடச் சொல்லி, எடுத்து வாய் கொப்பளித்தாள்.

"ஒண்ணுமில்ல. ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும். நீ வேலைக்குப் போ, லேட் ஆகுது. மதியம் சாப்பிட்டுட்டு போன் பண்ணு."

அவள் படியேறி, கண்டக்டரிடம் ஏதோ சொல்லி அவனைச் சிரிக்கவைத்து, முன் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். கணவன் இறங்கி வந்தான். அவன் முகமும் வெளுத்திருந்தது. வண்டி திரும்பி வெளியே போகும்வரை இருவரும் நின்றார்கள். பிறகு அவன் ஒரு லிப்டைப் பார்க்கப் போனான், அவள் மருந்தகத்துக்குத் திரும்பினாள்.